கலவாய்க்கல்லுக்கு நான்கு பஸ்கள்

கடலில் ஓர் இடத்தைத் திரும்பக் கண்டுபிடிக்க இரண்டு கோடுகள் போதும். பொறுமையாகக் கேட்டால் எவருக்கும் விளங்கிவிடும்.

வாழைச்சேனைக்குக் கிழக்கே, கரை ஒரு விரல் தடிப்பில் தெரியும் தூரத்தில் படகை நிறுத்தி மேற்கே பாருங்கள். கிட்டே பழைய காகித ஆலையின் புகைபோக்கி தெரியும். வெகு தூரத்தில் குடும்பிமலை. படகு வடக்கே நகர்ந்தால் புகைபோக்கி மலைக்கு இடப்பக்கமாக விலகும். தெற்கே நகர்ந்தால் வலப்பக்கமாக விலகும். அது மலையின் குடுமிக்கு நேர் கீழே வந்து நிற்கும்போது நீங்கள் ஒரு கோட்டின் மேல் இருக்கிறீர்கள். அந்தக் கோடு பல மைல் நீளம். அதைவிட்டு விலகாமல் கிழக்கே போய்க்கொண்டிருங்கள். தெற்கில், கல்குடாப் பக்கத்து ஒற்றைப் பனை தனக்குப் பின்னால் இருக்கும் ஹோட்டல் தண்ணீர்த்தாங்கியை முழுதாக மறைக்கும் கணத்தில் இஞ்சினை நிறுத்துங்கள். இரண்டாவது கோடு முதலாவதை வெட்டும் இடம் அதுதான். ஈயக்குண்டைக் கீழே விட்டால் ஒன்பது பாகத்தில் கல்லில் தட்டும். இரண்டு கைகளையும் விரித்த நீளம் ஒரு பாகம்.

அந்த இடத்துக்குக் கலவாய்க்கல்லு என்று பெயர். குறியை இவ்வளவு வெளிப்படையாகச் சொல்வதால் இப்போது யாருக்கும் நட்டம் இல்லை. முன்பு அப்படியல்ல. ஓட்டமாவடிப் பதியுதீன் முப்பது வருடமாக அந்தக் கல்லில் தூண்டில் போட்டவர். மனைவி ஜெமீலாவிடம் அவர் மறைத்தது வாழ்க்கையில் இந்த இரண்டு கோடுகளை மட்டும்தான். அவருடன் ஒரே படகில் போகும் ரதீசுக்குத் தெரியும். அதுவும் கண்ணைக் கட்டிக் கூட்டிப்போக முடியாததால். துறையில் ஒருவர் "எங்க புடிச்ச?" என்று கேட்டால் வடக்கே கையைக் காட்டுவது மரியாதை. கேட்டவர் அதை நம்பாமல் தெற்கே போவது அனுபவம்.

கல்லு என்று சொன்னாலும் அது கல் அல்ல. முருகைக்கல் என்பது, அரிசிமணி அளவான உயிர்கள் ஆயிரமாயிரமாகச் சேர்ந்து, கடல்நீரிலிருந்து சுண்ணாம்பைப் பிரித்தெடுத்துத் தாங்களே கட்டிக்கொள்ளும் வீடு. மூளைபோல் உருண்டு வளரும் வகை ஒரு வருடத்துக்கு விரல் நகத்தின் அகலம்கூட வளராது. கலவாய்க்கல்லில் ஆள் உயரத்துக்கு உருண்டைகள் இருந்தன. ஒல்லாந்தர் மட்டக்களப்புக் கோட்டையில் இருந்த காலத்தில் தொடங்கிய வேலை. சில வருடங்களுக்கு முன் கடல் சூடாகிப் பாசிக்குடாப் பக்கத்து முருகைக்கற்கள் வெளுத்துச் செத்தபோதும் இது தப்பியது. ஆழத்திலிருந்து ஒரு குளிர்நீரோட்டம் அதைத் தடவிக்கொண்டு போனது. கலவாய் என்ற பெருவாய் மீன் அங்கே பொந்துக்கொன்றாக வாழ்ந்தது. விரல் நீள நீலக்கோட்டு மீன்கள் ஓரிடத்தில் கடை வைத்திருந்தன. கலவாய் அங்கே வந்து வாயைத் திறந்துகொண்டு நிற்கும். சின்ன மீன் உள்ளே நுழைந்து, பல்லிடுக்கு அழுக்கைத் தின்று, செவுள் வழியாக வெளியே வரும். முறை வரும்வரை மற்ற மீன்கள் வரிசையில் காத்திருக்கும். படிவம் எதுவும் இல்லாமல் இவ்வளவும் நடந்தது.

பிரச்சினை நங்கூரத்தால் வந்தது. யார் யாரோ கருவி வைத்து இடத்தை மோப்பம் பிடித்து வரத் தொடங்கினார்கள். வந்தவர்கள் இரும்பு நங்கூரத்தைப் போட்டார்கள். அதை இழுக்கும்போது கல் உடையும். ஒருநாள் பதியுதீனின் தூண்டிலில் ஒரு கை அகலத் துண்டு வந்தது. அதன் உடைந்த பக்கம் பல்லுப்போல வெள்ளையாக இருந்தது.

"ஒரு மிதவ போட்டா முடிஞ்சிது. வாறவன் அதுல கயிற்றக் கட்டுவான், நங்கூரம் போட மாட்டான்" என்றார் ரதீசிடம்.

"ஆரு போடுற? நாம போட்டா நாளைக்கே வெட்டிக்கொண்டு போயிருவானுகள். கவுமேந்து முத்திரையோட போட்டாத்தான் நிக்கும், காக்கா" என்றான் ரதீஸ். முஸ்லிம் ஆண்களை இந்தப் பக்கத்தில் காக்கா, அதாவது அண்ணன், என்றுதான் அழைப்பார்கள்.

அதனால்தான் பதியுதீன், மட்டக்களப்பு நகரில் இருக்கும் அரசாங்கக் கடலுயிர்க் குடியிருப்பு அதிகாரசபைக்குப் போனார்.

மூன்று மாடிக் கட்டடம். வாசலில் ஒரு கண்ணாடித் தொட்டி; அதில் பிளாஸ்டிக் முருகைக்கல்லும், குமிழி விடும் குழாயும், மீன் இருந்ததற்கான வாசனையும் இருந்தன. இரண்டாம் மாடியில் பணிப்பாளர் உதயரூபன் அவரை உட்காரச் சொன்னார். அவர் கெட்ட மனிதரல்ல என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். தேநீர் கொடுத்தார். குறுக்கே பேசாமல் முழுதும் கேட்டார்.

"மிதவைக்கு எங்களிட்ட தலைப்பு இல்ல, காக்கா."

"தலைப்பெண்டா?"

இதையும் விளங்கப்படுத்த வேண்டும், ஏனென்றால் இது முருகைக்கல்லைப்போலவே நுட்பமான அமைப்பு. கோப்பு தண்ணீரைப் போன்றது. சரிவு இருந்தால்தான் ஓடும். செலவுத் தலைப்புத்தான் அந்தச் சரிவு. தலைப்பு இல்லாத கோப்பு எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும் மேசையில் தேங்கி நிற்கும். தலைப்பு இருக்கும் கோப்பை எவராலும் தடுக்க முடியாது. போட்டவரே குறுக்கே படுத்தாலும் மேலால் ஓடிவிடும்.

"இந்த வருஷம் எங்களுக்கு இருக்கிற ஒரே தலைப்பு, மீன் வீடமைப்பு" என்றார் உதயரூபன். "ஓடாத பஸ்ஸக் கடலுக்குள்ள இறக்கிறது. மீன் அதுக்குள்ள குடியேறும்."

"அது நல்லந்தான் ஐயா. வெறும் மண்ணுல போட்டா ஆறு மாசத்துல பாசி புடிச்சி, சிப்பி ஒட்டி, மீன் வந்திரும். ஆனா எங்கட இடத்துல கல்லு இரிக்கே."

"மண்ணுல போட்டு நாங்க பட்டது போதும்." உதயரூபனின் முகம் வாடியது. "முந்தின வருஷம் வெறும் மண்ணுலதான் போட்டம். கணக்காய்வுக்காரர் வந்து கேட்டார், வீடு கட்ட முன்னம் அந்த இடத்துல எத்தின மீன் வசிச்சது எண்டு. ஒண்டும் இல்ல எண்டம். பயனாளிகளே இல்லாத இடத்துல எதுக்கு வீடு எண்டு எழுதிட்டுப் போயிட்டார். அதுக்குப் பதில் எழுதியே எனக்கு சீனி வருத்தம் வந்தது. இப்ப சட்டம் மாத்திட்டம். மீன் நிறைய இருக்கிற இடத்துல மட்டுந்தான் வீடு."

பதியுதீன் படிவத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஜெமீலா அதைப் படித்துப் பார்த்தாள். சுனாமிக்குப் பிறகு மூன்று வருடம் தகரக் கொட்டிலில் இருந்து, பதினெட்டு நிறுவனங்களின் படிவங்களை நிரப்பிய அனுபவம் அவளுக்கு இருந்தது.

"நீங்க இதுக்கு ஓமெண்டு போடுங்க" என்றாள்.

"நான் கேட்டது மிதவ, புள்ள. இது பஸ்."

"அண்டைக்கு நாம கேட்டது கூர. தந்தது ரெண்டு தையல் மெசின். மெசின வித்துத்தானே கூர போட்டம்? முதல்ல லிஸ்ட்ல பேர் வரட்டும். மறுகா திருத்திக்கலாம்."

வெளியூர்க்காரர் யாரும் இந்தப் பிழையைச் செய்திருக்க மாட்டார்கள். போரும் கடலும் வந்துபோன பிறகு இருபது வருடம் பட்டியல்களில் வாழ்ந்தவர்களுக்குத்தான், பட்டியலில் பெயர் இருப்பது எப்போதும் நல்லது என்ற நம்பிக்கை எலும்பில் ஊறியிருக்கும். பதியுதீன் ஓம் என்று போட்டார்.

படிவத்துடன் கிராம சேவகரின் வதிவிடச் சான்றிதழ் இணைக்க வேண்டும். கடல் எந்தக் கிராம சேவகர் பிரிவிலும் இல்லை. ஆகவே விண்ணப்பதாரியின் பிரிவுக்கே கடல் சேர்க்கப்பட்டது. கிராம சேவகர் இர்ஷானா, மேசைக்கு முன்னால் இருந்த வரிசை குறையும்வரை அவரைக் காத்திருக்கச் செய்து, பிறகு கேட்டார்.

"எவ்வளவு காலமா இரிக்காங்க?"

"மீனா? எங்கட வாப்பா காலத்துக்கு முன்ன இரிந்து."

"வாக்காளர் இடாப்புல பேர் இரிக்கா?"

"மீனுக்கா?"

"எல்லாருக்கும் கேக்கிறதுதான், காக்கா. கோவிக்காதீங்க. இப்ப இரிக்கிற வீடு என்ன மாதிரி? சீமெந்தா, கல்லா, தற்காலிகக் கொட்டிலா?"

"கல்லு."

"காணி உறுதி இரிக்கா?"

"கடலுக்கு ஆரு, மகள், உறுதி முடிக்கிற?"

"உறுதி இல்லாட்டிக் கல்வீடெண்டு எழுத ஏலா" என்று சொல்லி, ஒல்லாந்தர் காலத்திலிருந்து வளர்ந்த கலவாய்க்கல்லைத் தற்காலிகக் கொட்டில் என்று எழுதிக் கையெழுத்திட்டு, முத்திரையைக் கோணாமல் குத்திக் கொடுத்தார். தகரக் கொட்டிலில் மூன்று வருடம் இருந்த பதியுதீன் அந்தச் சொல்லை இரண்டு முறை வாசித்தார். ஆனாலும், மறுகா திருத்திக்கொள்ளலாம்.

செப்டம்பரில் கள ஆய்வு. உதயரூபன், ஆய்வு உத்தியோகத்தர் ஆர்த்திகா, பதியுதீன், ரதீஸ் ஆகிய நால்வரும் ஒரே படகில் போனார்கள். ஆர்த்திகா கடலுயிரியல் படித்தவள், முதுகில் காற்றுக்குடுவை கட்டி மூழ்கத் தெரிந்தவள். அதிகாரசபையில் நீந்தத் தெரிந்த ஒரே ஆள். புகைபோக்கி குடுமிக்குக் கீழே வந்தது. பனை தண்ணீர்த்தாங்கியை மறைத்தது. பதியுதீன் இஞ்சினை நிறுத்திவிட்டு, யாராவது பார்க்கிறார்களா என்று வழக்கப்படி சுற்றிப் பார்த்தார். உதயரூபன் தன் கைபேசியில் ஒரு தடவை தட்டினார். முப்பது வருட ரகசியம் 'டிங்' என்ற ஓசையுடன் அதற்குள் போய்விட்டது.

"என்ன காக்கா, பொண்ணுக் குடுத்த மாதிரி முகம்?" என்றான் ரதீஸ் மெதுவாக.

"கவுமேந்துக்குத்தானேடா குடுக்கன்" என்றார் பதியுதீன். "கள்ளனுக்கா குடுக்கன்?"

ரதீஸ் குனிந்து ஆர்த்திகாவின் காற்றுக்குடுவையைத் தூக்கிக் கொடுத்தான்.

நாற்பது நிமிடம் கழித்து ஆர்த்திகா மேலே வந்தாள். வாய்க்குழாயைக் கழற்றியதும் பேசத் தொடங்கியவள் நிறுத்தவில்லை. "சேர், முழுக்க உயிரோட இருக்கு! பாசிக்குடாவில செத்ததெல்லாம் இங்க இருக்கு. இருபத்தேழு கலவாய் எண்ணினன். அந்தச் சின்ன மீன்ட கடையில கியூவில நிக்குதுகள் சேர்! இந்தப் பக்கத்துக் கல்லெல்லாம் திரும்ப உயிர்க்கிறதெண்டா முட்டையும் குஞ்சும் இங்க இருந்துதான் போகணும்."

"அருமை" என்றார் உதயரூபன். "இருபத்தேழு. அப்படியே எழுதுங்க."

அவள் அப்படியே எழுதினாள். நேர்மையான அறிக்கை, ஒரு சொல் கூடவுமில்லை, குறையவுமில்லை. நாட்டின் கிழக்குக் கரையில் அத்தனை மீன் வாழும் இடம் வேறில்லை என்று முடித்திருந்தாள். அறிக்கை மேலே போனது. வந்திருந்த பத்தொன்பது விண்ணப்பங்களில் பயனாளிகள் மிக அதிகமாக வாழும் இடம் என்று கலவாய்க்கல்லு முதலிடம் பெற்றது. ஓர் இடத்துக்கு வழக்கமாகக் கிடைக்கும் இரண்டு பஸ்கள் நான்காக உயர்த்தப்பட்டன.

ஆர்த்திகாவுக்கு அப்போதுதான் விளங்கியது. அவள் உடனே இரண்டாவது அறிக்கை ஒன்றை எழுதினாள்: இந்த இடத்தில் பஸ்களை இறக்கக் கூடாது, இறக்கினால் கல் நொறுங்கும், மீன் அழியும், இங்கே தேவைப்படுவது ஒரு மிதவை மட்டுமே. அது நான்கு பக்கம் இருந்தது. உதயரூபன் அதை ஆர்வமாகப் படித்து, மூன்று இடத்தில் எழுத்துப்பிழை திருத்தி, 'இணைப்பு 4: இடத்தின் சிறப்புத் தொடர்பான மேலதிக ஆதாரம்' என்று தலைப்பிட்டுக் கோப்பில் சேர்த்தார். கோப்பு இன்னும் வேகமாக ஓடியது.

திறப்பு விழா டிசம்பர் இருபத்தெட்டாம் திகதி. டிசம்பரில் இந்தக் கரையில் வாடைக்காற்று. கடலில் அலை வீட்டுச் சுவர் உயரத்துக்கு எழும்பும். பதியுதீனைப் போன்றவர்கள் படகைக் கரையில் கவிழ்த்துவிட்டுக் கிழிந்த வலையைப் பொத்துவார்கள். ஆனால் ஒதுக்கீடு முப்பத்தோராம் திகதி காலாவதியாகிவிடும். அலை ஜனவரிக்குப் பிறகும் வரும்.

கரையில் நான்கு பஸ்கள் வரிசையாக நின்றன. இஞ்சின் இல்லை, டயர் இல்லை. ஆசனங்கள் எப்போதோ யாராலோ அகற்றப்பட்டிருந்தன. எல்லாவற்றுக்கும் இளநீலப் பூச்சு. நெற்றியில் இலக்கங்கள்: வீடு 1, வீடு 2, வீடு 3, வீடு 4. மூன்றாவது பஸ்ஸில் மட்டும் 'கல்முனை' என்ற பழைய பலகையைக் கழற்ற மறந்திருந்தார்கள். ஒவ்வொரு கதவிலும் வாழைமரம், தோரணம். ஐயர் ஒருவர் கும்பம் வைத்தார். மௌலவி ஒருவர் துஆ ஓதினார். பிரதம அதிதி நாடாவை வெட்டி, முதலாவது பஸ்ஸுக்குள் வலது காலை வைத்து ஏறி, பின் கதவால் இறங்கினார். குடிபுகுதல் முடிந்தது.

உதயரூபன் பேசினார்:

"சிலர் எங்களைக் கேட்கிறார்கள், மீன் முன்பும் கடலில் வாழத்தானே செய்தது என்று. வாழ்ந்தது. நான் மறுக்கவில்லை. ஆனால் எப்படி வாழ்ந்தது? கூரை இல்லை. இலக்கம் இல்லை. எந்த மீன் எந்தப் பொந்தில் இருக்கிறது என்று எந்த அலுவலகத்திலும் பதிவு இல்லை. இருநூறு வருடமாக அந்தக் கற்கள் வளர்ந்தன என்று எங்கள் உத்தியோகத்தர் எழுதியிருக்கிறார். இருநூறு வருடம்! நாங்கள் நான்கு வீடுகளையும் இன்று பன்னிரண்டு மணிக்கு முன் முடித்துவிடுவோம். கடலுக்கு அடியில் செய்யும் வேலையில் இன்னொரு பெருமை இருக்கிறது. தரையில் ஒரு வீடு கட்டினால் வெடிப்பு, ஒழுக்கு என்று ஆயிரம் முறைப்பாடு வரும். இத்தனை வருடத்தில் ஒரு மீன்கூட எங்கள் அதிகாரசபையில் முறைப்பாடு செய்ததில்லை."

கைதட்டல் அடங்கியதும், முழ நீளத்தில் மட்டையால் செய்து தங்கக் கடதாசி ஒட்டிய சாவி ஒன்று மேடைக்கு வந்தது. பயனாளிகள் சார்பில் சாவியைப் பெற்றுக்கொள்ளப் பதியுதீனின் பெயர் அழைக்கப்பட்டது. அவர் சாவியை வாங்கினார். ஒலிவாங்கியையும் விடாமல் பிடித்துக்கொண்டார்.

"இதக் கல்லு மேல போடாதீங்க" என்றார். "நான் கேட்டது ஒரு மிதவ. இருநூறு யார் தூரம் வடக்க தள்ளினா வெறும் மண் இரிக்கு. அங்க போடுங்க. அல்லாவுக்காக அங்க போடுங்க. கல்லு உசிரோட இரிக்கு."

சாவி பிடித்த கையால் கடலைக் காட்டினார். உதயரூபன் அவரை அணைத்தபடி ஒலிவாங்கியை வாங்கி, "பயனாளிகளின் பிரதிநிதி மிகவும் உணர்ச்சிவசப்பட்டிருக்கிறார்" என்றார். முன்வரிசையில் ஓர் அம்மா கண்ணைத் துடைத்தார்.

மேடையிலிருந்து இறக்கியதும் உதயரூபன் உண்மையான அன்போடு அவருக்கு விளக்கினார். "காக்கா, நீங்க சொல்றது எனக்கு விளங்குது. ஆனா இருநூறு யார் தள்ளினா அது வேற இடம். வேற இடத்துக்கு வேற சான்றிதழ். அந்த மண்ணுல மீன் நிரந்தரமா வசிக்குது எண்டு கிராம சேவகர் எழுதித் தரணும். முப்பத்தோராம் திகதிக்குள்ள தருவாவா?"

"அங்க மீன் இல்லயே ஐயா. அதாலதானே அங்க போடச் சொல்றன்."

"பாத்தீங்களா?" என்றார் உதயரூபன் வருத்தத்துடன்.

பார்ஜ் எனும் தட்டைக் கப்பலில் நான்கு பஸ்களும் ஏற்றப்பட்டன. அந்த அலையில் பதியுதீனும் ரதீசும் தங்கள் படகில் பின்னால் போனார்கள். அரசாங்க வேலையில் இடம் சற்று விலகுவது வழக்கம். வீதி ஓர் ஊரிலும் பாலம் இன்னோர் ஊரிலும் நிற்பதைப் பார்த்திருக்கிறோம். பதியுதீன் அன்று அந்த வழக்கத்தை நம்பியே போனார். பார்ஜ் நிற்கும் இடத்தையும் குடும்பிமலையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்ஜ் நின்றது. புகைபோக்கி குடுமிக்கு நேர் கீழே இருந்தது. பனை தண்ணீர்த்தாங்கியை மறைத்திருந்தது. ஓர் அங்குலமும் பிசகவில்லை.

கிரேன் முதலில் வீடு 1-ஐத் தூக்கி இறக்கியது. பஸ் சன்னல்கள் வழியாகத் தண்ணீர் புகுந்து, ஒரு பெருமூச்சுப்போல் காற்று வெளியே வந்து, நீலம் மங்கி மறைந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு படகின் அடிப்பலகை வழியாக ஒரு சத்தம் இருவரின் உள்ளங்காலுக்கும் வந்தது. பெரிய சட்டி ஒன்று தூரத்தில் உடைவது போன்ற சத்தம். அது நான்கு தடவை வந்தது.

ஏப்ரலில் கடல் அடங்கியதும் ஆர்த்திகா மூழ்கிப் பார்த்தாள். இரும்பு தானாக ஒரு தடவைதான் விழும். ஆனால் வாடைக்காலத்து அலை ஒன்பது பாகத்துக்கும் கை நீட்டும். கனமான பஸ்களை அது மூன்று மாதம் முன்னும் பின்னும் அசைத்தது. ஆட்டுக்கல்லில் குழவி உருள்வது போல. கலவாய்க்கல்லு இருந்த இடத்தில் வெள்ளை மா இருந்தது. வீடு 3 குப்புறக் கிடந்தது.

அவளும் பதியுதீனும் ரதீசும் அதன் பிறகு மூன்று வாரம் தப்பிய மீன்களைத் தேடினார்கள். அதிகாரசபையின் எரிபொருள் என்பதால் அவள் ஒவ்வொரு நாளும் மூழ்கிய இடத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டியிருந்தது. பன்னிரண்டாம் நாள், மாங்கேணிக்கு நேரே கடலில், பள்ளிவாசல் முற்றம் அளவான ஒரு சின்னக் கல்லைக் கண்டாள். உயிரோடு இருந்தது. ஏழு கலவாய்கள் இருந்தன. அவற்றில் ஒன்று வாயைத் திறந்தபடி நின்றது. நீலக்கோட்டு மீன் ஒன்று அதற்குள்ளிருந்து வெளியே வந்தது. அவள் மேலே வந்து, முதல் முறைபோலப் பேசவில்லை. பதியுதீனைப் பார்த்து ஏழு விரல்களைக் காட்டினாள். அவர் படகின் விளிம்பில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார்.

ஜூனில் ஆர்த்திகாவுக்கும் பதியுதீனுக்கும் கடிதம் வந்தது. ஆறு மாதத்துக்குள் பயனாளிகள் குடியேறினார்களா என்பதை அதிகாரசபை உறுதிப்படுத்த வேண்டும். பிரதிநிதி நேரில் வந்து காரணம் கூற வேண்டும். தவறினால் அவருடைய படகு அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப்படாது.

"ஒரு வீட்டிலயும் ஆக்கள் இல்ல" என்றார் உதயரூபன். "என்ன நடந்தது?"

"மீன் செத்துட்டு, ஐயா."

"இறப்புச் சான்றிதழ் இருக்கா?"

பதியுதீன் பக்கத்து நாற்காலியில் இருந்த ஆர்த்திகாவின் பக்கம் திரும்பினார்.

"இல்லாட்டி அப்படி எழுத ஏலாது, காக்கா. இடம்பெயர்ந்திருக்கும். நல்லது. இடம்பெயர்ந்ததுக்கு மீள்குடியேற்றத் தலைப்பு ஒண்டு இந்த வருஷம் புதுசா வந்திருக்கு. பஸ் இல்ல இந்த முறை. ரயில் பெட்டி." அவர் பதிவேட்டைத் திருப்பினார். "மிஸ், ஏப்ரல்ல மாங்கேணிப் பக்கம் ஒரு மணித்தியாலம் இறங்கியிருக்கிறீங்க. அங்க என்ன இருந்தது?"

ஆர்த்திகா பதியுதீனைப் பார்க்கவில்லை. பதியுதீனும் அவளைப் பார்க்கவில்லை.

"மண், சேர்" என்றாள் அவள்.

"மீன்?"

"ஒண்டும் இல்ல. வெறும் மண்."

"நிச்சயமாவா?"

"நிச்சயமா, சேர்."

வாழ்க்கையில் அவள் எழுத்தில் கொடுத்த முதல் பொய் அது. இரண்டு வரிதான். கையெழுத்திடும்போது பேனாவை அழுத்திப் பிடித்திருந்தாள். பதியுதீன் தன் நெஞ்சுக்குள் ஒரு குர்ஆன் ஆயத்தை ஓதிக்கொண்டிருந்தார்.

உதயரூபன் தாளை வாங்கிப் படித்தார். அவருடைய முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது.

"மிஸ், இது எவ்வளவு பெரிய உதவி எண்டு உங்களுக்குத் தெரியாது" என்றார். "மேல் மாடியில ஏழு மாசமாத் தவிக்கிறாங்க. இறங்குதுறை தோண்டின சேறு மலை மாதிரிக் கிடக்கு. கொட்டுறதுக்கு மீன் இல்லாத இடம் எண்டு ஒருத்தர் எழுதித் தரணும். ஒருத்தரும் தரமாட்டாங்க, தந்தாலும் ஆரும் நம்பமாட்டாங்க. நீங்க எழுதினா ஒரு கேள்வி வராது. உங்கட நேர்மை எல்லாருக்கும் தெரியும்."

அவர் மணியை அடித்தார். பியோன் வந்து தாளை ஒரு கோப்பில் செருகிக்கொண்டு வெளியே போனார். ஆர்த்திகா எழுந்து நின்றாள். நின்ற இடத்திலேயே நின்றாள். நான் எழுதியது பொய் என்று அவள் இப்போது சொல்லலாம். சொன்னால், அங்கே ஏழு கலவாய்கள் வாழ்கின்றன என்ற உண்மை கைபேசிக்குள் போகும்; பின்னால் ரயில் பெட்டிகள் வரும். சொல்லாவிட்டால் சேறு வரும். முருகைக்கல்லின் உயிர்கள் தூசி விழுந்தால் வழுவழுப்பான நீரைச் சுரந்து அதைக் கழுவிவிடும். மிகத் திறமையான ஏற்பாடு. ஆனால் ஒரு முழம் சேற்றைக் கழுவ அவற்றால் முடியாது. ஒரு வாரத்தில் மூச்சடங்கிவிடும்.

பதியுதீன் யாரிடமும் விடைபெறாமல் கோப்பின் பின்னால் படியேறினார். ஐம்பத்திரண்டு வயது முழங்கால்; பியோனைப் பிடிக்க முடியவில்லை. மூன்றாம் மாடியில் ஒரு கண்ணாடிக் கதவு. அதற்கப்பால் மேசையில் நஸ்ஹா என்ற இளம் உத்தியோகத்தர் கோப்பைத் திறந்து வைத்திருந்தாள்.

"மகள், அந்த இடத்துல மீன் இரிக்கு" என்றார் பதியுதீன் மூச்சு வாங்க.

"இரிக்கா? அப்ப இது எங்கட வேல இல்ல, காக்கா. நான் கீழ அனுப்பிர்ரன். மீன் இரிக்கிற இடமெல்லாம் கீழ் மாடிதான் பாக்கிற."

"கீழ அனுப்பாதீங்க!"

"அப்ப மீன் இல்லயா?"

"இரிக்கு மகள். ஆனா கீழயும் வேணாம், இங்கயும் வேணாம்."

நஸ்ஹா குழம்பினாள். "அப்ப ஒங்களுக்கு என்ன செய்யோணும்?"

"ஒண்டும் செய்யாம விடோணும். அந்தக் கல்ல சும்மா விடோணும். அதுக்கு எந்தப் பிரிவுக்குப் போற?"

அவள் நல்ல பெண். வரும் ஆட்களைத் துரத்துகிறவள் அல்ல. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, சுவரில் ஒட்டியிருந்த பிரிவுகளின் பட்டியலை விரல் வைத்து மேலிருந்து கீழே தேடினாள். பிறகு, விடுபட்டிருக்குமோ என்று, கீழிருந்து மேலேயும் ஒரு தடவை தேடினாள்.

"அப்பிடி ஒண்டும் இல்லயே, காக்கா" என்றாள், மனம் நொந்து.

பிறகு உட்கார்ந்து, கோப்பை முன்னால் இழுத்து, முத்திரையில் மை இருக்கிறதா என்று பார்த்து, 'வெறும் மண்' என்ற வரிக்குக் கீழே குத்தினாள்.